வெள்ளிக்கிழமைக் காற்று

இருபத்தாறு வயதில் ஓய்வு பெறுகிறவளைப் பார்த்துச் சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அடுத்த மாதம் நான் பயிற்சி நிலையமொன்றுக்குப் போதனாசிரியராகப் போகிறேன். பாலாவிச் சந்தி டயர் கடையில் ஆறு வருடம் குனிந்த முதுகு இனிமேல் ஒரு பலகைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கப் போகிறது. அதற்கு முன், கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதியே தருகிறேன். வாயால் சொன்னால் கொம்பிரசர் சத்தத்தில் பாதி கேட்காது. மீதிப் பாதியை மூத்த வேலைக்காரர் பெரிய பாஸ் திருத்திச் சொல்லிவிடுவார்.

காற்றில் ஓடி நட்டு இறுக்கும் ஏர் கன்னை எப்படிப் பிடிப்பது, எந்த நட்டுக்கு எந்தக் குழலைப் போடுவது என்பதையெல்லாம் எழுத மாட்டேன். ஒரு கிழமையில் பழகிவிடுவீர்கள். பழகிய மறுநாளே உங்கள் முகம் மாறிவிடும். இந்தக் கடையில் கன்னைக் கையிலெடுத்த எல்லோருக்கும் ஏதோ ஒரு நாட்டைப் பிடித்துவிட்டு வந்தது போன்ற முகம் வரும். எனக்கும் வந்தது. என் முகத்தில் அது மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்று பெரிய பாஸ் சொல்லுவார். அவர் சொல்வதில் அது ஒன்று சரி.

கூடுதலாக இருக்கக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். வாப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார். கையெழுத்து வைக்கச் சொன்னால் பெருவிரலை நீட்டுவார். உம்மா என் பள்ளி அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "நல்லாத்தான் இரிக்கி" என்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மோட்டார் வாகனத் தொழினுட்பத்தில் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்தவள், அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் தொங்கவிட்டதில் என்ன பிழை? கடை முதலாளி ஹாஜியார் அடுத்த நாளே அதன் மேல் நாட்காட்டியை மாட்டிவிட்டார். ஆணி ஒன்றுதான் இருந்ததாம்.

முதல் ஆறு மாதம் பில் மேசையில் இருந்தேன். கன்னைத் தொட விடவில்லை. "பொம்புளப் புள்ளக்கி கை நோகும்" என்பார் ஹாஜியார். பெரிய பாஸ் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவார்.  நட்டு இறுக்குவதில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை: கன் பாட வேண்டும். விசையை அழுத்தினால் முதலில் 'டர்ர்' என்று சுற்றும், பிறகு 'தட தட தட' என்று அடிக்கும். அந்தத் தட தட அவருக்கு இசை. அது எவ்வளவு நேரம் பாடுகிறதோ அவ்வளவுக்கு வண்டிச் சில்லு பத்திரம் என்று நினைத்திருந்தார்.

உப்பு லொறி ஒன்றில் அந்தக் கொள்கை முறிந்தது. உப்பளத்துக்குப் போய் வரும் வண்டிகளில் நட்டு துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால், பெரிய பாஸ் சில்லு மாட்டும் ஆணிகளுக்கு ஆசையாகக் கிரீஸ் பூசுவார். அதன் மேல் கன்னைப் பாட விடுவார். கிரீஸ் பூசிய ஆணியில் நட்டு வழுக்கிக்கொண்டு போகும். போதும் என்ற இடம் தாண்டியும் போகும். ஆணி உள்ளுக்குள் இழுபட்டு மெலிந்துவிடும். அந்த லொறிக்கு வழியில் காற்றுப் போய்விட்டது. டிரைவர் சில்லைக் கழற்றப் பார்த்தார். முடியவில்லை. நட்டுத் திருப்பும் நீளக் கம்பியான வீல் பிரேஸின் மேல் ஏறி நின்றார். அப்புறம் ஏறிக் குதித்தார். இரண்டு ஆணிகள் முறிந்தன, அவருடைய செருப்பும் அறுந்தது. லொறியை இழுத்துக்கொண்டு வந்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே கத்தினார்.

"என்னா மனுசன்டா நீ? நட்ட இறுக்குனியா, வெல்டிங் பண்ணுனியா?"

"உப்புக் காத்துக்கு அப்படித்தான்" என்றார் பெரிய பாஸ்.

நான் பில் மேசையிலிருந்து வாய் திறந்தேன். கிரீஸ், ஆணி, இழுபடுதல் எல்லாவற்றையும் படம் கீறிக் காட்டினேன். லொறி டிரைவருக்கு விளங்கியது. ஹாஜியாருக்குப் பாதி விளங்கியது. பெரிய பாஸ், "டீச்சர்ட பாடம் முடிஞ்சா மணி அடிங்க" என்றார்.

"அப்ப நீயே இறுக்கிக் காட்டு" என்றார் ஹாஜியார் என்னிடம். "ஆனா ஒண்டு, புள்ள. ஒரு சில்லு கழண்டு ஓடிச்சோ, நீ திரும்பி மேசைக்கித்தான்."

அப்படித்தான் கன் என் கைக்கு வந்தது. கையோடு இரண்டு காரியங்கள் செய்தேன். முதலாவது, ஹாஜியாரை நச்சரித்து ஒரு டோர்க் ரென்ச் வாங்க வைத்தேன். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லுமே, அதுதான். கன்னால் மெல்ல ஓட்டி, கடைசி இறுக்கத்தை அதனால் பார்க்க வேண்டும். வாங்கிய ஹாஜியாருக்கு அதன் பளபளப்பில் காதல் வந்துவிட்டது. துணி சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கேட்டால் எடுத்துத் தருவார், வேலை முடிந்ததும் வாங்கித் துடைத்து உள்ளே வைப்பார். கடைக்கு வருகிற பெரிய மனிதர்களுக்குத் திறந்து காட்டுவார். அலுமாரிச் சாவி எப்போதும் அவருடைய இடுப்பில்.

இரண்டாவது, நகப்பூச்சு. இறுக்கிச் சரிபார்த்த ஒவ்வொரு நட்டின் மேலும் தொடங்கி, பக்கத்துத் தகடு வரைக்கும் சிவப்பில் ஒரு கோடு இழுப்பேன். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு இருந்தால் சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம். பெரிய பாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"டீச்சர், தொழுற புள்ளக்கி நகப்பூச்சு எதுக்கு? நகத்துல தண்ணி படாம வுழூ கூடாதே."

"நட்டு தொழப் போறதில்லையே பாஸ்."

"மாப்பிள்ளை பாக்க வருவாங்க போல நட்டுக்கு."

சிரிக்கட்டும் என்று விட்டேன். வாகனக்காரர்களுக்கு அந்தக் கோடு பிடித்திருந்தது. "சிவப்புக் கோடு போடுற புள்ளகிட்ட குடுங்க" என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். நான் இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்தேன். ஆண்கள் கோடு போடாமல் விட்ட சில்லுகளைக் காட்டி ஹாஜியாரிடம் நியாயமும் கேட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேவைப்படும்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

நம் கடையில் வெள்ளிக்கிழமை காற்று சும்மா என்பது உங்களுக்குத் தெரியும். காற்று அல்லாஹ்வுடையது, வெள்ளிக்கிழமையில் அதற்கு விலை பேசக் கூடாது என்பது ஹாஜியாரின் நிய்யத். அதனால் கரைப் பக்கத்து மீன்காரர்கள் எல்லோரும், வலையோடு மிதக்க விடுகிற லொறி ட்யூப்களைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே வருவார்கள். கிழமை முழுவதும் காற்றில்லாமல் கிடந்த ட்யூப்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் உயிர் வரும்.

அன்று முற்பகலில் கரண்ட் போனது. கொம்பிரசர் நின்றது. தொட்டியில் மிச்சமிருந்த காற்றை வைத்துத்தான் வேலை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது என்று ஆண்கள் குளிக்க ஓடினார்கள். ஹாஜியார் அலுமாரியைப் பூட்டிச் சாவியைச் சொருகிக்கொண்டு, "புள்ள, கடயப் பாத்துக்க" என்று கிளம்பினார். கடைசியாகப் போன பெரிய பாஸ், "டீச்சர், கடயக் கழட்டிப் போடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சந்தி திரும்பி மறைந்ததும் ஒரு சின்ன பஸ் வந்து நின்றது. நிறையப் பெண்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். எத்தாளையில் பெண் வீட்டுக்குப் போகிறார்கள். ஆண்கள் தொழுதுவிட்டு மாப்பிள்ளையோடு பின்னால் வருவார்கள். பஸ்ஸின் பின் வலது சில்லில் காற்று இறங்கியிருந்தது. டிரைவர் சிலாபம் பக்கத்துச் சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார். ஆனால் அவசரத்தில் இரண்டையும் கலப்பார்.

"நங்கி, இக்மனட்ட! சீக்கிரம் தங்கச்சி! கல்யாணம் போகுது. மாப்பிள்ள வாற முன்ன நாங்க போகோணும்."

முன் கதிரையில் மாப்பிள்ளையின் மாமி, மடியில் கல்யாண இனிப்பு வட்டிலப்பச் சட்டியை ஒரு குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார்.

"மகள், கெதியாச் செய்ங்க. வெயில்ல சட்டி வேர்க்குது."

அதே நேரம் கடை வாசலில் ஆலங்குடாச் சூசை அண்ணன், தன்னுடைய ஐந்து ட்யூப்களையும் வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றாகக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை, தொட்டி ஒன்று, இழுக்கிறவர்கள் இரண்டு பேர். எனக்குப் படிப்பித்த பாடத்தில் இது இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் பஸ்ஸைத் தூக்கினேன். சில்லைக் கழற்றி, ஒட்டுப்போட்டு, மாட்டி, கன்னால் ஆறு நட்டையும் ஓட்டினேன். கன் பாடியது. டர்ர், தட தட தட. ஆறும் அழகாகப் பாடின. டோர்க் ரென்ச் அலுமாரிக்குள். சரி, கையால் வீல் பிரேஸ் போட்டுப் பார்க்க வேண்டும். பிரேஸ் கடைக்குள் இருந்தது. பத்தடி நடக்க வேண்டும்.

"நங்கி, யமு, யமு! போகலாமா?"

"மகள், மாப்பிள்ள முந்திடுவான்!"

பிரேஸ் கடைக்குள் இருந்தது. நகப்பூச்சுக் குப்பி என் சட்டைப் பைக்குள் இருந்தது. பைக்குள் இருந்ததை எடுத்தேன். ஆறு கோடு போட்டேன், அழகாக. பஸ்ஸுக்குள்ளிருந்த பெண்கள் எட்டிப் பார்த்து, "நட்டுக்கெல்லாம் பூசுது பாரு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் கல்பிட்டி வீதியில் திரும்பிப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து, பின்னேரம் கொடுக்க வேண்டிய ஒரு பிக்கப்பின் சில்லை மாட்டினேன். கன் பாடியது. இந்த முறை அவசரம் இல்லாததால் பிரேஸை எடுத்து வந்து போட்டேன். நட்டு சுற்றியது. பலம் போடவே இல்லை, ஒரு கையால். அடுத்த நட்டும் சுற்றியது. தொட்டியின் முள்ளைப் பார்த்தேன். அடியில் படுத்துக் கிடந்தது. காற்றுக் குறைந்தால் கன் வாய் மூடாது. அதே பாட்டைத்தான் பாடும், கையில் பலம் இல்லாமல் பாடும். பெரிய பாஸுக்குச் சத்தத்தை நம்பாதே என்று வகுப்பெடுத்தவள், சத்தத்தைக் கேட்டே ஒரு பஸ்ஸை அனுப்பியிருந்தேன். அதுவும் கோடு போட்டு.

பில்லில் இருந்த இலக்கத்தைப் பார்த்துப் பஸ்காரருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தேன். பஸ்ஸுக்குள் ஓடிய பாட்டுச் சத்தம் ஞாபகம் வந்தது. ஹாஜியாருக்கு எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. சந்தியில் இருந்த ஒரே ஆண் சூசை அண்ணன்தான். கடைசி ட்யூப்பை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்.

"சூசை அண்ணன், கல்பிட்டிப் பக்கம்தானே போறீங்க? என்னையும் கூட்டிட்டுப் போங்க. அந்தக் கல்யாண பஸ்ஸைப் பிடிக்கோணும்."

அவர் என்னையும் முக்காட்டையும் பார்த்தார். பள்ளிவாசல் பக்கமும் பார்த்தார்.

"பிள்ள, எனக்கு இந்த ஊர்ல இன்னும் மீன் விக்கோணும்."

"சில்லுக் கழண்டுரும் அண்ணன். நான் இறுக்கல்ல. காத்து இருக்கல்ல."

அவருக்கு விளங்க ஒரு வினாடி எடுத்தது. தன் ட்யூப்களைப் பார்த்தார்.

"அப்ப உன்ட நட்டுக்குப் போக வேண்டிய காத்து என்ட ட்யூப்ல இருக்கு." தலையில் அடித்துக்கொண்டார். "ஏறு பிள்ள. நடுவுல ஒரு ட்யூப்ப வையி. ஊர் கேட்டா, நடுவுல ட்யூப் இருந்திச்சு எண்டு சொல்லலாம்."

இப்படித்தான் போனோம். முன்னால் சூசை அண்ணன், நடுவில் ஊதிப் பெருத்த லொறி ட்யூப், பின்னால் நான், தோளில் வீல் பிரேஸ். பக்கங்களில் கட்டிய மற்ற ட்யூப்கள் காற்றில் ஆடின. கன்னைக் கையில் எடுத்த நாளில் வந்த அந்த முகம் அப்போது என்னிடம் இல்லை. வழியெல்லாம் ஒரே கணக்கு: இப்போது எவ்வளவு தூரம் போயிருக்கும், ஆறு நட்டில் எத்தனை இறங்கியிருக்கும், அந்தச் சட்டியைப் பிடித்திருந்த மாமி முன் கதிரையில்தானே இருக்கிறார். கூடவே இன்னொரு கணக்கும் ஓடியது. நிறுத்திப் பார்த்து நட்டு இறுக்கமாக இருந்தால், கல்யாணத்தை வழிமறித்த பைத்தியம் என்று புத்தளம் முழுக்கச் சொல்லுவார்கள். லூசாக இருந்தால் மேசைக்குப் போவேன். எது நடந்தாலும் எனக்கு நல்லதில்லை. ஆகவே என்னைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தேன். இந்த வேலையில் நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆலங்குடாவுக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸைப் பிடித்தோம். வலப் பக்கமாக நெருங்கினோம். பின் சில்லுக்கு நேராக வந்தபோது, பாட்டுச் சத்தத்துக்கு அடியில் 'டொக்... டொக்...' கேட்டது.

"நிப்பாட்டுங்க! சில்லு! சில்லு!" கத்தினேன். பிரேஸை ஆட்டினேன். பின் கதிரைப் பெண்கள் என்னைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். இரும்புத் தடியோடு மோட்டார் சைக்கிளில் துரத்தும் இரண்டு பேரைப் பார்த்தால் நீங்கள் நிறுத்துவீர்களா? அவரும் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினார்.

"மாதாவே" என்றார் சூசை அண்ணன். பஸ்ஸை முந்தி முன்னால் போனார். "பிள்ள, நடுவுல இருக்கிறத விடு!"

விட்டேன். ட்யூப் ரோட்டில் விழுந்து, ஒருமுறை துள்ளி, பஸ்ஸுக்கு நேராக உருண்டது. பிரேக் சத்தம். பஸ் ட்யூப்பின் மேல் முட்டி, அதை முன்னால் தள்ளிக்கொண்டு போய் நின்றது. ட்யூப் வெடித்தது. உள்ளே எல்லோரும் ஒரே குரலில் "யா அல்லாஹ்" என்றார்கள். டிரைவர் இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"பிஸ்ஸுத? பைத்தியமா உனக்கு?"

நான் பின் சில்லுக்குப் போய்க் குந்தினேன். ஆறு கோடுகளில் நான்கு உடைந்திருந்தன. நட்டில் ஒரு துண்டு, தகட்டில் ஒரு துண்டு, ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டு. இரண்டு நட்டுகளை விரலால் சுழற்றினேன். டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கத்தில் அவரும் குந்திவிட்டார். 

பிரேஸைப் போட்டு, எதிரெதிராக, ஆறையும் இறுக்கினேன். இரண்டாம் சுற்றும் இறுக்கினேன். மூன்றாம் சுற்றை டிரைவர் இறுக்கினார். சூசை அண்ணன் வெடித்த ட்யூப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றார்.

அப்போது மாமி இறங்கி வந்தார். அவருடைய முன்பக்கம் முழுக்க வட்டிலப்பம். முகத்திலும் கொஞ்சம். நான் திட்டுக்குத் தயாரானேன்.

"பாத்தியளா?" என்றார் மற்றப் பெண்களைப் பார்த்து. "வேல செஞ்சா இப்படிச் செய்யோணும். அனுப்பிப் போட்டுச் சும்மா இரிக்காம, பின்னாலயே வந்து பாக்குது புள்ள. அல்லாஹ் உனக்கு நல்ல மாப்பிள்ளையத் தரட்டும் மகள்."

இப்போது கவனியுங்கள். பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. புதிதாகப் பூட்டிய சில்லு கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டு லேசாக இளகும், மறுபடி இறுக்க வேண்டும். இது உண்மை. பாடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லவும் தொடங்கினேன்.

"புதுசாப் பூட்டின சில்லு கொஞ்சம் ஓடினதும்..."

டிரைவர் குறுக்கிட்டார். சில்லிலிருந்த உடையாத ஒரு சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். "ஹரி, சரி நங்கி, இது நல்ல வேல. இனி நான் நட்டுப் பாக்க மாட்டன். இந்தக் கோடு இருந்தாப் போதும்."

இருந்தாப் போதும். 

"போதாது அண்ணன்" என்றேன். "இந்தக் கோட்ட நான் பாக்காமத்தான் போட்டன். கன்னுல காத்து இல்ல. பிரேஸ் எடுக்கப் பஞ்சியில சோம்பிப்போய், நேரம் போகுதெண்டு, பாக்காமப் போட்டன். பிழை என்ட."

மாமி எனக்காகக் கேட்ட துஆ அவர் முகத்திலேயே நின்றுவிட்டது. கன்னத்து வட்டிலப்பத்தை ஒரு விரலால் வழித்தார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பற்றியும், என் கடையைப் பற்றியும், என்னைப் படிக்க வைத்தவர்களைப் பற்றியும் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எல்லாம் நியாயமாகவே இருந்தது. டிரைவர் சில்லைக் காலால் ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

திரும்பி வரும்போது ஜும்ஆ முடிந்திருந்தது. பள்ளிவாசல் வாசலில் ஊர் முழுவதும் நின்றது. இந்த முறை எங்களுக்கு நடுவில் வைக்க ட்யூப் இல்லை. ஆகவே பிரேஸைக் குறுக்கே வைத்திருந்தேன். தொப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. பெரிய பாஸின் வாய் திறந்தபடி இருந்தது. இரண்டு நாள் மூடவில்லை.

கடைக்குள் வந்து நடந்ததைச் சொன்னேன், எதையும் மறைக்காமல். ஹாஜியார் கேட்டார்:

"அந்த ரென்ச்சால பாத்திரிக்கலாமே, புள்ள?"

"பாத்திரிக்கலாம் ஹாஜியார். அது தொழப் போயிருந்திச்சி, உங்கட இடுப்புல."

பெரிய பாஸ் இருமினார். ஹாஜியார் இடுப்பைத் தடவிப் பார்த்தார். நான் தொடர்ந்தேன். "ஆனா பிரேஸ் கடைக்குள்ளதான் இருந்திச்சி. அதுக்குச் சாவி தேவையில்ல. அதனால பிழை என்ட."

"அப்ப வெள்ளிக்கிழமக் காத்த நிப்பாட்டவா?"

"காத்த நிப்பாட்டாதீங்க. அந்த நேரம் கன்ன நிப்பாட்டுங்க."

அன்றைக்கே டோர்க் ரென்ச் அலுமாரியை விட்டு வெளியே வந்தது. இப்போது தொங்குகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரே ஆணியில்தான். நாட்காட்டியும் என் சான்றிதழும் கீழே இறங்கின. ஹாஜியார் வாக்கும் தவறவில்லை. ஒரு மாதம் என்னை மேசையில் உட்கார வைத்தார். அந்த மாதம் முழுவதும் பெரிய பாஸ் ஒவ்வொரு சில்லுக்கும் கோடு போட்டுவிட்டு, மேசைக்கு வந்து என்னிடம் காட்டிவிட்டுப் போனார். அவர் கோடு போடுவது பல்லி ஓடியது போல இருக்கும். ஆனால் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

சூசை அண்ணனுக்குப் புது ட்யூப் வாங்கிக்கொண்டு போனேன். முதலில் வாங்க மறுத்தார். "நீங்க காத்தைச் சும்மா தந்தீங்க, நான் ட்யூப்பச் சும்மா தந்தன், சரிக்குச் சரி" என்றார். அப்புறம் வாங்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழம கொண்டு வாறன்" என்றார்.

ஊரில் ஒரு மாதம் இந்தக் கதைதான். ஆனால் ஒருவரும் சில்லைப் பற்றிக் கேட்கவில்லை. யாருடைய மோட்டார் சைக்கிள், எவ்வளவு நெருக்கம், ட்யூப் இருந்ததா இல்லையா, இதுதான் விசாரணை. பக்கத்து வீட்டுக்காரி உம்மாவிடம் வந்து மூன்று தடவை அழுதுவிட்டுப் போனார். வாப்பா உப்பளத்திலிருந்து வந்து, கால் கழுவி, சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"எத்தின நட்டு லூசு?"

"நாலு. அதுல ரெண்டு விரலுக்கு வந்திச்சி."

"ம்" என்றார். எழும்பும்போது, "ஆறுல நாலு" என்றார்.  பள்ளிக்கூடம் போகாத மனிதர்தான். ஆனாலும் அந்த ஊரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு ஊர் முழுவதும் திட்டியதை விட அந்த 'ஆறுல நாலு' வலித்தது.

அந்தப் பஸ் டிரைவர் திரும்பி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் வந்தார். நேராக மேசைக்கு வந்து, "நங்கிதான் இறுக்கோணும்" என்றார். ஹாஜியார் எழும்பிப் போகச் சொல்லித் தலையாட்டினார். கன்னால் மெல்ல ஓட்டினேன். ரென்ச் போட்டேன். ஆறு 'டிக்'. கோடு போட்டேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"பாத்துட்டுப் போட்டியா, போட்டுட்டுப் பாத்தியா?"

"பாத்துட்டுப் போட்டன்."

"ஹரி."

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. நான்கு வருடம். சில நாள் எரிச்சல் வந்திருக்கிறது. ஒருநாள் "அண்ணன், இன்னும் எத்தின வருசத்துக்குக் கேப்பீங்க?" என்று கேட்டேன். "பஸ் ஓடுற வரைக்கும்" என்றார். பெரிய பாஸும் அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது கடையில் யார் கோடு போட்டாலும், ஒருவர் அதைக் கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். உங்களைச் சீண்டுவதற்கென்று நினைத்திருப்பீர்கள். என்னைச் சீண்டுவதற்கு வந்த கேள்வி அது.

போன வியாழக்கிழமை அந்த பஸ் வந்தது. நான் போகப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். பின் வலது சில்லு. இறுக்கினேன், கோடு போட்டேன், எழும்பி நின்றேன். கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. சிரித்து, என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, கதிரையில் ஏறி பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணினார்.

நான் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். ரென்ச்சை ஆணியிலிருந்து மறுபடி எடுத்து வந்து குந்தினேன். ஆறு நட்டையும் முதலிலிருந்து பார்த்தேன்.